கடலில் ஒட்டிய பொட்டு

ஸ்டெல்லா பிலிப்பைன்ஸ் தீவுகளின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திவிட்டு, இடத்துக்குப் போகாமல் மேப்புக்கு முன்னாலேயே நின்றாள்.

"இன்னொரு பொட்டு குடுங்க டீச்சர்."

"எதுக்கு? நீதான் பொட்டே வைக்கறதில்லையே?"

"எனக்கில்லைங்க டீச்சர். மேப்புக்குங்க."

ஏழாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தேன். அவள் சென்னையில் விரலை வைத்து, நேர் கிழக்கே கடலில் ஓட்டிக்கொண்டு போனாள். கடுகு சிதறினாற்போல அந்தமான் புள்ளிகள் கிடக்குமே, அதற்குப் பக்கத்தில் வெறும் கடலில் கொண்டுபோய் ஒட்டினாள்.

"அங்க என்ன இருக்குது?"

"எரிமலைங்க டீச்சர்."

"எந்தப் புத்தகத்துல போட்டிருக்குது?"

"புத்தகத்துல இல்லைங்க. எங்கப்பா லெட்டர்ல எழுதியிருந்தாருங்க. கப்பல்ல போறப்பப் பாத்தாராமாங்க. கடலுக்கு நடுவால ஒரு மலை பொகையுதாமாங்க."

நான் எழுந்து போய் அந்தப் பொட்டை நகத்தால் உரித்தேன். பழைய மேப். பொட்டோடு கொஞ்சம் நீல நிறமும் சேர்ந்து வந்துவிட்டது. "கண்ட இடத்துல ஒட்டாதே. போய் உக்காரு" என்றேன். அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் நடந்ததைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும். இந்தத் தொடரில் இதுவரை பஸ் கதை, சத்துணவுக் கதை, எங்கள் ஹெட்மாஸ்டரின் மூக்குப்பொடிக் கதை என்று எழுதி உங்களைச் சிரிக்க வைத்தாகிவிட்டது. இதை மட்டும் ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். மற்ற கதைகளில் எல்லாம் நான் நல்லவள், அதுதான் காரணம்.

மருதமலை வெடிக்குமா?

தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்னூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் எனக்கு வேலை. குடியிருந்தது கோவையில். காலையில் காந்திபுரத்தில் பஸ் ஏறினால் சத்தி ரோடு முழுக்கத் தூங்கி வழிந்துகொண்டே போய் இறங்கி, அப்புறம் வெயிலில் ஒரு நடை.

ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நான்தான். எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைப்பானேன். எரிமலைப் பாடம் வரும் மாதத்தை நினைத்தால் எனக்குத் தீபாவளி மாதிரி இருக்கும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. மலை என்றால் அவர்களுக்கு மருதமலை. ஏறினால் மேலே முருகன் இருப்பார்.

"ஏனுங்க டீச்சர், மருதமலை வெடிக்குமுங்களா?" என்று ஒருவன் எழுந்து கேட்டான்.

"அது வெடிக்காது கண்ணு. எல்லா மலையும் எரிமலை ஆகாது."

"அப்ப முருகனுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஆகாது, உக்காரு."

அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

எங்கள் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு உலக மேப். துணி ஒட்டியது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. சோவியத் யூனியன் உடைந்து போன பிறகும் எங்கள் சுவரில் அது சில வருடம் உடையாமல் இருந்தது. புது மேப் கேட்டு ஹெட்மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்தேன். "ரஷ்யாக்காரன் மறுபடி சேர்ந்துட்டான்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் பொடி போட்டுக்கொண்டார்.

எரிமலைகள் அதிகம் இருப்பது பசிபிக் கடலைச் சுற்றி. ஜப்பான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஒரு கரை. சிலி, ஈக்வடார், மெக்சிகோ, அலாஸ்கா மறு கரை. நெருப்பு வளையம் என்று பெயர். ஆனால் மேப்பில் பசிபிக் கடலை நடுவில் வெட்டி இந்த ஓரத்தில் பாதி, அந்த ஓரத்தில் பாதி என்று போட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கு வளையம் எப்படித் தெரியும்? நான் மேப்பைக் கழற்றி, படம் வெளியே தெரியும்படி சுருட்டி, இரண்டு ஓரத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிப்பேன். "அட!" என்று வகுப்பே சத்தம் போடும். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் நான் வாத்தியார் வேலைக்கு வந்தேன் என்று தோன்றும்.

பொட்டு என்னுடைய கண்டுபிடிப்பு. ஒப்பணக்கார வீதியில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு நாலு அட்டை வாங்கிப் போவேன். ஆளுக்கு ஒரு எரிமலை. பெயரைச் சொல்லி, இடத்தைத் தேடி, பொட்டு ஒட்ட வேண்டும். இத்தாலிக்கு வெசூவியஸ், ஜப்பானுக்கு ஃபியூஜி, ஹவாய்க்கு மௌனா லோவா. மெக்சிகோவின் போப்போகாடெபெட்ல் யாருக்கு வருகிறதோ அவன் அன்று முழுக்க நாக்கு சுளுக்கித் திரிவான்.

இந்தியாவைப் பற்றிப் பாடத்தில் ஒரு வரியும் கிடையாது. நான்தான் சேர்த்துக்கொண்டேன். "தக்காணத்துல எப்பவோ வழிஞ்சு ஆறுன பாறை இருக்குது. உயிரோட ஒண்ணுகூட நம்ம நாட்டுல இல்லை. நாம குடுத்து வெச்சவங்க" என்று முடிப்பேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருக்கிறது என்று எங்கேயும் படிக்காததால், இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அந்தோணி எங்கே இருக்கிறான்?

ஸ்டெல்லா காலனிப் பிள்ளை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மாதா கோயில், அதைச் சுற்றி முப்பது நாற்பது வீடுகள். எல்லாரும் தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அவள் அம்மா ரோசம்மா களை எடுக்கப் போவாள். அப்பா அந்தோணி ரோடு போடும் மேஸ்திரி ஒருவரோடு அந்தமானுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரோடு வேலை முடிந்து, தீவுக்குத் தீவு சாமான் ஏற்றிப் போகும் கப்பலில் மூட்டை தூக்குகிறான் என்று ஸ்டெல்லா சொல்வாள்.

ஊர் வேறு மாதிரி சொன்னது. "அந்தமானாவது ஒண்ணாவது! அவன் திருப்பூர்ல இன்னொருத்தியோட குடித்தனம் பண்றானுங்க. பனியன் கம்பெனிக்குப் போறதை நம்ம பையன் ஒருத்தன் கண்ணால பாத்தான்." பார்த்த பையன் யார் என்று கேட்டால் அவன் பெயர் ஆளுக்கு ஆள் மாறும்.

மாதம் ஒன்றோ இரண்டோ இன்லேண்ட் லெட்டர் வரும். ரோசம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மாலையில் பள்ளி விட்டுப் போனதும் ஸ்டெல்லா படிக்க, அடுப்படியில் உட்கார்ந்து அம்மா கேட்பாள். கடல் எப்படி இருக்கிறது, கப்பலில் என்ன சோறு, மழை எத்தனை மாதம் பெய்கிறது, எல்லாம் அந்தக் கடிதத்தில் வரும். ஊர் எதைச் சொன்னாலும் ரோசம்மா அசராமல் இருந்தது அந்தப் பிள்ளை படித்த படிப்பை நம்பித்தான்.

இது எனக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். என் மனதுக்குள் நான் எந்தப் பக்கம் இருந்தேன் என்று கேட்டால், திருப்பூர்ப் பக்கம்தான் இருந்தேன்.

செந்திலின் மாமா

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

அதே வகுப்பில் செந்தில் என்று ஒரு பையன். பஞ்சாயத்து பிரசிடெண்டின் பேரன். எங்கள் ஆட்கள். எனக்கே தூரத்து உறவு. அவன் ஃபியூஜிக்குப் பொட்டு ஒட்டும்போது, "எங்க மாமா ஜப்பானுக்குப் போய் இந்த மலையைப் பாத்துப்போட்டு வந்தாருங்க டீச்சர்" என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அப்படியா கண்ணு! முன்னால வந்து எல்லாருக்கும் சொல்லு" என்றேன். அவன் வந்து நின்று, மலை உச்சியில் நெருப்பு கொதிப்பதை மாமா எட்டிப் பார்த்தார், செருப்பு சூடாகிவிட்டது என்று அளந்துவிட்டான். கை தட்டச் சொன்னேன். அந்த மாமா மோட்டார் கம்பெனி விஷயமாக பம்பாய் வரைக்கும்தான் போயிருந்தார் என்று பின்னால் ஒரு கல்யாண வீட்டில் தெரிந்தது.

செந்திலிடம் நான் எந்தப் புத்தகம் என்று கேட்கவில்லை. அவனுக்குப் பத்து நிமிடம் கழித்து வந்தவளிடம் கேட்டேன். அப்போது இது எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

வலது கை, இடது கை

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது.

அந்தக் காலத்து இன்ஸ்பெக்‌ஷன் ஒரு நாடகம். பத்து நாள் ஒத்திகை நடக்கும். எந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளை எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்று பிரித்துக் கொடுத்துவிடுவோம். அதிகாரி எதைக் கேட்டாலும் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. அதிகாரிக்கு எல்லாருக்கும் தெரிந்தாற்போல இருக்கும். நாங்கள் வலது கைகளாகப் பார்த்து, "நீ சொல்லு" என்போம். எனக்கு முன்னால் இருந்த டீச்சர் எனக்குச் சொல்லிக் கொடுத்த வித்தை இது.

அன்று காலை பொட்டு வைத்த மேப் சுவரில் தொங்கியது. அதிகாரி வந்தார். கூடவே பிரசிடெண்டும் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேரும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மதியம் அதிகாரிக்குப் பள்ளியிலேயே சாப்பாடு. வராந்தாவில் காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் காலனியிலிருந்து நாலு பெண்களை வரச் சொல்லியிருந்தது. அதில் ரோசம்மாவும் ஒருத்தி.

அதிகாரிக்கு மேப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு பொட்டாகத் தொட்டுக் கேட்டார். பிள்ளைகள் மளமளவென்று ஒப்பித்தார்கள். நான் உச்சி குளிர்ந்து நின்றேன். கடைசியில் அவர், "சரி, நம்ம இந்தியாவுல எரிமலை உண்டா?" என்று கேட்டார்.

செந்திலுக்குக் கொடுத்து வைத்த கேள்வி அது. எழுந்து, "இல்லைங்க ஐயா. நாம குடுத்து வெச்சவங்க" என்று என் குரலிலேயே சொன்னான். பெரியவர்கள் சிரித்தார்கள்.

எல்லாக் கையும் இறங்கியது. ஒரு வலது கை மட்டும் இறங்கவில்லை.

"என்னம்மா?" என்றார் அதிகாரி.

ஸ்டெல்லா எழுந்தாள். "இருக்குதுங்க ஐயா. அந்தமான் பக்கத்துல இருக்குதுங்க. எங்கப்பா பாத்தாருங்க."

அந்த அதிகாரி நல்ல மனிதர். அதட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. என் பக்கம் திரும்பி, "அப்படி ஒண்ணு இருக்குதுங்களா டீச்சர்? எனக்குத் தெரியலையே" என்றார். தெரியவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். நானும் அதையே சொல்லியிருக்கலாம். "பார்த்துச் சொல்றேன் சார்" என்றால் தீர்ந்தது. பிள்ளைகளுக்கு இடது கையைத் தூக்கச் சொல்லிக் கொடுத்த எனக்கு அன்று இடது கை எழவில்லை.

"அதெல்லாம் இல்லைங்க சார்" என்றேன். அதோடு நிறுத்தினேனா? இல்லை. "இந்தப் பொண்ணு அவங்கப்பன் பேரைச் சொல்லி இப்படித்தான் எதையாவது கதை கட்டிக்கிட்டு இருக்கும். அந்தமானும் இல்லை, எரிமலையும் இல்லை. நீங்க அடுத்த கேள்வி கேளுங்க சார்."

பிரசிடெண்ட் கால் மேல் கால் போட்டபடி, "அவங்கப்பன் திருப்பூர்லதான பொகை உட்டுக்கிட்டு இருக்கறான்!" என்றார். நாற்காலிகள் எல்லாம் சிரித்தன. பிள்ளைகளும் சிரித்தார்கள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வராந்தாவில் ரோசம்மா அரிவாள்மனையில் பூசணிக்காயை வைத்தபடி நறுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் தன் மகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீல நிறக் கடிதம்

மறுநாள் காலை பிரேயருக்கு முன்னால் ஸ்டெல்லா என் மேஜைக்கு வந்தாள். கையில் நாலாய் மடித்த இன்லேண்ட் லெட்டர்.

"டீச்சர், இதைப் பாருங்க டீச்சர். சீல் குத்தியிருக்குதுங்க."

தபால் முத்திரை ஆங்கிலத்தில்தான் இருக்கும். அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். நான் படித்தால் போதும் என்று கொண்டுவந்திருக்கிறாள். என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தால் போதும். கையைக்கூட நீட்ட வேண்டியதில்லை.

எனக்கு முந்தின நாள் கோபம் தீரவில்லை. இன்ஸ்பெக்‌ஷனில் என் மானம் போனதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் இருந்து தலையைத் தூக்காமல், "உள்ள வை. வாத்தியார் சொன்னதுக்கு மேல பேசற பழக்கம் உனக்கு எங்க வந்துச்சு?" என்றேன்.

"இல்லைங்க டீச்சர், அம்மா..."

"உள்ள வைன்னு சொன்னேன்."

மடித்து வைத்துக்கொண்டாள். அம்மா என்ன என்று நான் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க வகுப்பில் அவள் கை தூக்கவே இல்லை. அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அறுவடைக் காலத்தில் காலனிப் பிள்ளைகள் வராமல் இருப்பது வழக்கம்தான் என்று நான் ஆப்சென்ட் போட்டுக்கொண்டே போனேன். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரிப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. செந்தில் அம்மை போட்டுப் படுத்திருந்தபோது இளநீர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். பள்ளத்தைத் தாண்டி நான் ஒருநாளும் போனதில்லை.

முழுப் பரீட்சையும் வந்து போயிற்று. அவள் எழுதவில்லை.

யாருக்காவது தெரியுமா?

மே மாதம் கோவையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு. மின்விசிறி ஓடாத ஒரு கூடத்தில் நாற்பது பேர் நோட்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து புவியியல் எடுத்தார். நான் பின் வரிசையில் பக்கத்து டீச்சரோடு புடவை விஷயம் பேசிக்கொண்டிருந்தேன்.

"நம்ம நாட்டுலயும் இயங்குற எரிமலை ஒண்ணு இருக்கு" என்றது காதில் விழுந்தது. "அந்தமான் பக்கத்துல, பாரன் தீவு. ஆள் குடியிருப்பு கிடையாது. ரொம்பக் காலம் தூங்கிக் கிடந்துச்சு. இப்பக் கொஞ்ச வருஷமா முழிச்சுக்கிட்டுப் பொகைஞ்சுக்கிட்டு இருக்கு. உங்கள்ல யாருக்காவது இது முன்னமே தெரியுமா?"

நாற்பது பேரில் ஒரு கையும் எழவில்லை. என் ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குத் தெரியும் என்று எழுந்து சொல்லத் தோன்றியது. நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பக்கத்து டீச்சர், "ஏனுங்க, வேர்த்து ஊத்துதே, உடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டார். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம்

மறுநாள் பயிற்சிக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம் லீவு என்றாலும் அதே பஸ்ஸைப் பிடித்துப் போனேன். வெயிலில் பள்ளத்தைத் தாண்டி வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது பகல் ஒரு மணி இருக்கும்.

ரோசம்மா பதறிப்போனாள். "வாங்க டீச்சர், வாங்க. இந்த வெயில்ல வந்திருக்கறீங்களே. உக்காருங்க." ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடைக்கு ஓடச் சொல்லி ஒரு பாட்டில் கலர் வாங்கி வரச் செய்தாள். தன் வீட்டுத் தண்ணீரை நான் குடிக்க மாட்டேன் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். தண்ணீரே போதும் என்று நானும் சொல்லவில்லை.

"ஸ்டெல்லா எங்கம்மா?"

"கருமத்தம்பட்டிப் பக்கம் தறிப் பட்டறைக்கு நூல் சுத்தப் போறாளுங்க. விடியக்காலைல வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போயிருமுங்க. இன்னும் செத்த நேரத்துல வந்துருவா."

"பள்ளிக்கூடத்தை ஏன் நிறுத்துனீங்க?"

அவளுக்கு என் மேல் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நடந்ததை நன்றி சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நீங்க சொன்னப்பறம்தானுங்க டீச்சர் எனக்குக் கண்ணு தெறந்துச்சு. நான் எழுத்து அறியாதவளுங்க. லெட்டர்ல என்ன எழுதியிருக்குதோ, இவ என்ன படிக்கறாளோ, எனக்கு என்னங்க தெரியும்? கடலுங்கறா, கப்பலுங்கறா, மலை பொகையுதுங்கறா. ஊரே சொல்லுச்சு, நான் நம்பலைங்க. நீங்க சொன்னா அது பொய்யா இருக்குமுங்களா? படிச்சுப் படிச்சுத்தானுங்க பெத்தவகிட்டயே கதை கட்டறா. அந்தப் படிப்பே வேண்டாம்னு நிறுத்திப்போட்டேன்."

நான் எதைச் சொல்லி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. மேப்பைப் பற்றிச் சொன்னேன், பேராசிரியரைப் பற்றிச் சொன்னேன். "உங்க பொண்ணு பொய் சொல்லலைம்மா. அந்த மலை இருக்குது. நான்தான் தெரியாம பேசிட்டேன். தப்பு என்னோடது" என்றேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில், "அப்ப எங்கூட்டுக்காரரு அங்கதான் இருக்கறாருங்களா?" என்று கேட்டாள்.

பிறகு உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து நாலு இன்லேண்ட் லெட்டர் எடுத்து வந்தாள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. மகளை நம்ப முடியவில்லை. வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல வெட்கம். பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள். ஸ்டெல்லா அப்பாவுக்கு எழுதிய கடிதத்தையும் கிழித்துவிட்டாளாம்.

"நீங்க படிங்க டீச்சர். நீங்க படிச்சாச் சரியா இருக்குமுங்க."

நாலிலும் முத்திரை போர்ட் பிளேர் என்று தெளிவாக இருந்தது. ஓரத்தைக் கிழித்து ஒவ்வொன்றாகப் படித்தேன். 'அன்புள்ள மனைவி ரோசம்மாளுக்கு அந்தோணி எழுதிக்கொண்டது' என்று அழகான உருண்டை எழுத்து. முதல் கடிதத்தில் ஸ்டெல்லா முழுப் பரீட்சைக்கு நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டிருந்தார். இரண்டாவதில் பதில் இல்லையே, உடம்பு சுகமா என்றிருந்தார். மூன்றாவதில் உங்கள் கடிதம் கப்பலில் தவறியிருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

நாலாவது கடிதம் நாலே வரி. 'ஊரில் என்னைப் பற்றிப் பேசுவது என் காதுக்கும் வந்தது. நீயும் அதை நம்பிவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன். இங்கிருந்து வேறு தீவுக்கு வேலைக்குப் போகிறேன். இனி எழுதி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.'

ரோசம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்காராம்மா" என்றேன். "வேற தீவுக்கு வேலை மாறிப் போறாராம். உங்க ரெண்டு பேரையும் விசாரிச்சிருக்கார். உடனே பதில் போடச் சொல்லியிருக்கார்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை. நான் கலர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தோணியிடமிருந்து அப்புறம் பதில் வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. ஜூனில் கிணத்துக்கடவுப் பக்கம் மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டேன். தெரிந்துகொள்ள ஒரு பஸ் டிக்கெட் போதும். எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த கோழைத்தனங்களில் இதுதான் பெரியது.

அன்று நான் கிளம்ப எழுந்தபோது வேன் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா வந்தாள். தலைமயிரெல்லாம் நூல் தூசி. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கண்ணு, நீ சொன்னது சரிதான். அங்க எரிமலை இருக்குது" என்றேன்.

"தெரியுமுங்க டீச்சர்."

"ஜூன் மாசம் பள்ளிக்கூடத்துக்கு வந்துரு. ஹெட்மாஸ்டர்கிட்ட நான் பேசறேன்."

"பாக்கலாமுங்க." எங்கள் பக்கம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லமாட்டார்கள். அதற்குப் பதில் சொல்வது இதைத்தான்.

ரோசம்மா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "அப்பா லெட்டரெல்லாம் டீச்சர் படிச்சுச் சொன்னாங்க சாமி. வேற தீவுக்கு வேலைக்குப் போறாராமா. பதில் போடச் சொல்லி எழுதியிருக்கறாராமா. இந்தா, நீயும் பாரு." மேலாக இருந்த நாலாவது கடிதத்தை நீட்டினாள்.

ஸ்டெல்லா வாங்கிப் படித்தாள். நாலு வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளத்தான் முடிந்தது.

"ஆமாம்மா" என்றாள். "அப்படித்தான் எழுதியிருக்குது."

எனக்குத் தெரிந்து அந்தப் பிள்ளை சொன்ன பொய் அது ஒன்றுதான்.